களவாப் போன பாதையா? கிழக்கு பெர்லினில் இருந்து மேற்கு பெர்லினுக்கு ஒரு ரயில்

யாழ்ப்பாணத்தில் ஒரு சொல் இருக்கு: ‘களவாப் போனவர்’. ஜேர்மனியிலோ பிரான்சிலோ இருக்கிற ஒரு மாமாவைப் பற்றிக் கதை வந்தால், “அவர் எண்பத்துநாலில் களவாப் போனவரெல்லே” எண்டு சாதாரணமாகச் சொல்லிப்போட்டு அடுத்த கதைக்குப் போயிடுவினம். சொல்லுறவை அதை இழிவாகச் சொல்லுறதில்லை. போனவரும் அதே சொல்லைத்தான் பாவிப்பார். விசா இல்லாமல், ஏஜென்சிக்காரனுக்குக் காசு கட்டி, போய்ச் சேர்ந்த பிறகு கேஸ் குடுத்து இருந்தால் அது ‘களவு’. படிக்கப் போனாலோ ஸ்பொன்சரில் போனாலோ அது ‘நேராப் போனது’. இவ்வளவுதான் எங்கட அகராதி.

இந்தச் சொல் சரியா எண்டு ஒருக்கால் பார்க்கலாம் எண்டு நினைக்கிறன். அதுக்கு ஒரேயொரு பயணத்தை எடுத்துக்கொள்ளுவம். எண்பதுகளின் முதற்பாதியில் எங்கட ஆட்கள் ஆயிரக்கணக்கில் போன பயணம் அது. இரண்டு நகரங்களுக்கு இடையில், பத்து நிமிசம் வரைதான் எடுக்கும் ஒரு ரயில் ஓட்டம். ஒரு நகரம் கிழக்கு பெர்லின், மற்றது மேற்கு பெர்லின்.

முதலில் ஏன் போனவை எண்டதைச் சுருக்கமாகச் சொல்லவேணும். எழுபதுகளின் தொடக்கத்தில் வந்த தரப்படுத்தல் பல்கலைக்கழகக் கதவைப் பாதி சாத்தினது. 1979இல் பயங்கரவாதத் தடைச் சட்டம். 1981இல் நூலகம் எரிந்தது. 1983 யூலையில் கொழும்பில் நடந்தது எல்லாருக்கும் தெரியும். அதுக்குப் பிறகு ஒரு வீட்டில் பதினெட்டு, இருபது வயதில் ஆம்பிளைப் பிள்ளை இருந்தால் தாய்க்கு இரவில் நித்திரை இல்லை. ஆமி பிடிச்சுக்கொண்டு போகலாம், அல்லது பெடியனே ஏதாவது ஒரு இயக்கத்துக்குப் போகலாம். ரெண்டும் வேண்டாம் எண்டால் மூண்டாவது வழி வெளிநாடு.

அதுக்கு முந்தியும் யாழ்ப்பாணத்தார் வெளிநாடு போனவைதான். ஆனால் அது வேற கூட்டம்: ஆங்கிலம் படிச்ச, டொக்டர், எஞ்சினியர், எக்கவுண்டன் ஆகப்போற பிள்ளைகள், போன இடம் பெரும்பாலும் இங்கிலாந்து. எண்பதுகளில் போனவைக்கு அந்த ஆங்கிலமும் இல்லை, அந்தக் காசும் இல்லை. தோட்டக் காணி ஈடு வைச்சு, அக்காவின் தாலிக்கொடி அடைவு வைச்சுக் கிளம்பினவை. அவைக்கு விசா குடுக்க ஆர் இருக்கினம்? மேற்கு ஜேர்மனி எண்பதுகளின் தொடக்கத்திலேயே இலங்கையருக்கு விசா வேணும் எண்டு சொல்லிவிட்டுது. 1985 மே மாதத்தில் பிரித்தானியாவும் அதையே செய்தது. பொதுநலவாய நாடொன்றின் மக்களுக்கு பிரித்தானியா விசா கேட்டது அதுதான் முதற்தடவை. அந்தப் பெருமை எங்களுக்குத்தான்!

பயணம் யாழ்ப்பாணம் ஸ்ரேசனில் தொடங்கும். யாழ்தேவியிலோ இரவு மெயிலிலோ கோட்டைக்கு. அதுவும் லேசான பயணமில்லை. 1985 ஜனவரி 19ஆம் திகதி முறிகண்டிக்குக் கிட்ட யாழ்தேவி குண்டில் சிக்கினதில் படையினரோடு பொதுமக்களும் செத்தவை. கோட்டையில் இறங்கி, லொட்ஜில் கொஞ்ச நாள் ஒளிச்சமாதிரி இருந்து, பிறகு கட்டுநாயக்க. அங்கிருந்து பெரும்பாலும் சோவியத் விமானத்தில் மொஸ்கோ. மொஸ்கோவில் மாறி ஷோனஃபெல்ட். ஷோனஃபெல்ட் எண்டது கிழக்கு ஜேர்மனியின் பிரதான விமான நிலையம். பெர்லின் நகரின் தென்கிழக்கு ஓரத்தில் இருந்தது.

இந்த இடத்தில் பெர்லினின் கணக்கைக் கொஞ்சம் விளங்கிக்கொள்ளவேணும்.

1945இல் போர் முடிஞ்ச பிறகு பெர்லினை அமெரிக்கா, பிரித்தானியா, பிரான்ஸ், சோவியத் ஒன்றியம் நாலு பேரும் பங்கு போட்டவை. சோவியத் பங்கு கிழக்கு ஜேர்மனியின் தலைநகர் ஆனது. மற்ற மூண்டு பங்கும் சேர்ந்து மேற்கு பெர்லின். அது சுற்றிவர கிழக்கு ஜேர்மனி நிலம் சூழ்ந்த ஒரு தீவு மாதிரி. 1961 ஓகஸ்ட் 13ஆம் திகதி கிழக்கு ஜேர்மனி சுவர் கட்டத் தொடங்கினது. சுவர் கிழக்கின் சுவர். உள்ளுக்கு இருக்கிற தன் சனம் வெளியில போகக்கூடாது எண்டு கட்டினது.

மேற்கு என்ன சொன்னது? “பெர்லின் ஒரே நகரம். நாலு வல்லரசுகளின் பொறுப்பில் இருக்கிற நகரம். நடுவில் ஓடுறது நாட்டு எல்லை இல்லை” எண்டது. எல்லை இல்லை எண்டு சொன்னால், அங்கே கடவுச்சீட்டு பார்க்க ஆளை நிறுத்த ஏலாது. நிறுத்தினால் அது எல்லைதான் எண்டு தாங்களே ஒப்புக்கொண்டமாதிரிப் போயிடும். ஆகவே கிழக்கில் இருந்து மேற்கு பெர்லினுக்குள் வாற ஆளை மேற்குப் பக்கத்தில் மறிச்சு விசா கேட்க ஒருத்தரும் இல்லை.

கிழக்குப் பக்கம்? சொந்தச் சனத்தைச் சுடுற அரசு, வெளிநாட்டுக்காரன் தன் நிலத்தால் கடந்து மேற்குக்குப் போறதைத் தடுக்கேல்லை. கடவு விசா ஒண்டைக் குத்திக் குடுத்தது. தன் விமானங்களுக்கும் நட்பு நாட்டு விமானங்களுக்கும் சீட்டு விற்றால் காசு வரும். அதோட, மேற்குக்குத் தலையிடி குடுத்து “பாருங்கோ, இது எல்லைதான், வேணுமெண்டால் நீங்களும் காவல் போடுங்கோ” எண்டு வாயைத் திறக்கவைக்கிற அரசியலும் அதுக்குள்ள இருந்தது.

ஒருத்தர் எல்லையை ஒப்புக்கொள்ளமாட்டன் எண்டு பிடிவாதம். மற்றவர் ஒப்புக்கொள்ளவைக்கிறன் எண்டு பிடிவாதம். இந்த ரெண்டு பிடிவாதத்துக்கும் நடுவில் ஒரு கதவு திறந்து கிடந்தது. அந்தக் கதவை எங்கட ஆட்கள் செய்யேல்லை. ஈரானியர், கானாக்காரர், பாலஸ்தீனர் எண்டு பலரும் அதால வந்தவை. ஏஜென்சிக்காரன் விற்றது இந்த இரகசியத்தைத்தான்.

கதவின் பெயர் பிரீட்ரிக் ஸ்ட்ராச. கிழக்கு பெர்லினின் நடுவில் இருந்த ரயில் நிலையம். ஆனால் மேற்கு பெர்லின் ரயில்களும் அங்கே வந்து நிண்டன. ஒரே கூரைக்குக் கீழ கிழக்கு மேடை ஒரு பக்கம், மேற்கு மேடை மற்றப் பக்கம். இடையில் மறைப்புச் சுவர். ஒண்டில் இருந்து மற்றதுக்குப் போக கீழே இறங்கி, படி, நடைவழி, சோதனைக் கூண்டு எல்லாம் கடந்து ஏறவேணும். மேற்குக்குப் போறவைக்காக 1962இல் பக்கத்தில் ஒரு கண்ணாடி மண்டபம் கட்டினவை. உறவுகளை அங்கே வைச்சுத்தான் வழியனுப்பவேணும். அதனால பெர்லின் சனம் அதுக்கு வைச்ச பெயர் ‘கண்ணீர் மாளிகை’. இப்ப அது ஒரு அருங்காட்சியகம். கட்டுநாயக்கவில் கண்ணாடிக்கு அங்கால நிண்டு கை காட்டின எங்கட அம்மாமாருக்கு அந்தப் பெயரை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

ஷோனஃபெல்டில் இறங்கின பெடியனுக்கு ஏஜென்சிக்காரன் சொல்லிக்குடுத்தது கொஞ்சம்தான்: எந்த ரயிலில் ஏறவேணும், எந்த நிலையத்தில் இறங்கவேணும், கடவு விசாவைக் காட்டி அங்கால போகவேணும், பிறகு மேற்குப் போற மேடையில் நிற்கவேணும். (விமான நிலையத்தில் இருந்து நேரே மேற்கு பெர்லினுக்குப் போற பஸ்ஸும் ஓடினது. அதில போனவையும் உண்டு.)

மேற்கு மேடையில் வந்து நிற்கிற அந்த ரயிலைப் பற்றியும் ஒரு வேடிக்கை உண்டு. மேற்கு பெர்லினுக்குள் ஓடின நகர ரயிலையும் 1984 ஜனவரி தொடக்கம் வரை நடத்தினது கிழக்கு ஜேர்மனியின் ரயில்வேதான். போர் முடிஞ்ச காலத்து ஏற்பாடு. சுவர் கட்டின பிறகு மேற்கு பெர்லின் சனம் கோபத்தில் அந்த ரயிலைப் பகிஷ்கரிச்சது. “எங்கட சீட்டுக் காசில முள்ளுக்கம்பி வாங்குறாங்கள்” எண்டது அவையின் கோபம். 1984 ஜனவரி 9ஆம் திகதிதான் மேற்கு பெர்லின் போக்குவரத்துக் கழகம் அதைப் பொறுப்பெடுத்தது. ஆக, எண்பத்துமூண்டில் போனவர் உள்ளூர்ச் சனம் ஏற மறுத்த பெட்டியில், அந்த அரசியல் ஒண்டும் தெரியாமல், யன்னலோரத்தில் இருந்திருப்பார்.

நிலையத்தை விட்டு ரயில் வெளிக்கிட்டு, உயரத்தில் கட்டின பாதையால் மேற்கே போகும். கொஞ்ச நேரத்தில் ஹம்போல்ட் துறை எண்ட நீர்நிலைக்கு மேலான பாலம் வரும். 1961 ஓகஸ்ட் 24ஆம் திகதி கியூன்டர் லிற்ஃபின் எண்ட 24 வயதுத் தையற்காரர் அந்தத் தண்ணியில் பாய்ந்து மேற்குக்கு நீந்தேக்கை சுட்டுக் கொல்லப்பட்டார். சுவர் கட்டின பிறகு தப்பப்போய்ச் சுடப்பட்ட முதல் மனிசன் அவர். அவர் செத்த இடத்துக்கு மேலால எங்கட 24 வயதுப் பெடியள் ரயிலில் போனவை. ஒரே நகரம், ஒரே எல்லை, போக வெளிக்கிட்டதும் ஒரே திசை. ஒருத்தரைக் கொன்ற எல்லை மற்றவருக்கு முத்திரை குத்தி வழி விட்டது. எல்லை எண்டது மண்ணில் கிடக்கிற கோடு இல்லை, ஆர் கடக்கிறார் எண்டதைப் பார்த்து மாறுற சாமான் எண்டதுக்கு இதை விட வேற உதாரணம் எனக்குத் தெரியாது.

பாலம் தாண்டினால் லேர்ட்டர் நிலையம், மேற்கின் முதல் தரிப்பு. (இப்ப பெர்லினின் பிரமாண்டமான பிரதான நிலையம் நிற்கிற இடம் அதுதான்.) அதுக்குப் பிறகு இரண்டு மூண்டு நிலையம், பிறகு ‘ஸூ’. அங்கே இறங்கினால் மேற்கு பெர்லினின் நடு. அவ்வளவுதான். காடு இல்லை, கடல் இல்லை, கொண்டெய்னர் இல்லை.

இனி ‘களவு’ எண்ட கேள்விக்கு வருவம். விசா இல்லாமல் மேற்கு பெர்லினில் நிண்டது விதிக்கு மாறானது எண்டு ஒருத்தர் வாதிடலாம். ஆனால் இறங்கினவர் செய்த முதல் வேலை ஒளிக்கிறது இல்லை. பொலிசிட்டையோ வெளிநாட்டவர் அலுவலகத்திலோ போய்த் தன் பெயரைச் சொல்லித் தஞ்சம் கேட்கிறது. மேற்கு ஜேர்மனியின் 1949ஆம் ஆண்டு அடிப்படைச் சட்டத்தின் 16ஆம் உறுப்புரை, அரசியல் காரணத்துக்காகத் துன்புறுத்தப்படுகிறவருக்குத் தஞ்சம் ஒரு உரிமை எண்டு எழுதி வைச்சிருந்தது. நாசிகளின் காலத்தில் தப்பி ஓடின ஜேர்மனியரை மற்ற நாடுகள் எப்பிடி நடத்தினவை எண்ட அனுபவத்தில் எழுதின வரி அது. 1951ஆம் ஆண்டின் அகதிகள் சாசனமும், ஆபத்தில் இருந்து நேராக வந்து, தாமதிக்காமல் அதிகாரிகளிட்டைப் போய்ச் சொல்லுற அகதியை, அனுமதியில்லாமல் வந்தார் எண்டதுக்காகத் தண்டிக்கக்கூடாது எண்டு சொல்லுது. களவெடுக்கிறவன் பொலிசைத் தேடிப் போறதில்லை. எங்கட ஆட்கள் தேடிப் போனவை.

எல்லாம் நேர்மையாக நடந்தது எண்டு நான் சொல்ல வரேல்லை. ஏஜென்சிக்குக் குடுத்த காசு போய், ஆளும் போகாமல், அடைவு வைச்ச நகை மூழ்கின வீடுகள் எங்கட ஊர்களில் இருக்கு. கேஸில் கதையைக் கூட்டிச் சொன்னவையும் இருந்திருப்பினம். ஆனால் அந்தப் பத்து நிமிச ரயில் ஓட்டத்தை ‘களவு’ எண்டு கூப்பிட்டது சட்டமில்லை, நாங்கள்தான்.

கதவு கனநாள் திறந்து இருக்கேல்லை. மேற்கு ஜேர்மனியில் தஞ்சம் கேட்டவையின் தொகை 1983இல் 19,737. 1984இல் 35,278. 1985இல் 73,832. அந்த 1985இல் மட்டும் இலங்கையர் ஏறக்குறைய 17,000 பேர். நாடு நாடாகப் பார்த்தால் அந்த வருசம் முதலிடம் எங்களுக்குத்தான். பத்திரிகைகளில் ‘வெள்ளம்’ எண்ட சொல் வரத் தொடங்கினது. மேற்கு ஜேர்மன் அரசு கிழக்கோட பேசினது. சுவரில் காவல் போட ஏலாது எண்டால், கிழக்கைக் கொண்டே கதவைச் சாத்துவிக்கவேணும்.

1985 யூலையில் சாத்தினவை. மேற்கு ஜேர்மனிக்குப் போற விசா கையில் இல்லாத இலங்கைத் தமிழருக்கு இனிக் கடவு விசா இல்லை எண்டு கிழக்கு ஜேர்மனி அறிவிச்சது. அதே மாதம் இரண்டு ஜேர்மனிகளுக்கும் இடையிலான வணிகத்தில் கிழக்குக்குக் கிடைச்ச வட்டியில்லாக் கடனின் எல்லை 600 மில்லியனில் இருந்து 850 மில்லியனாகக் கூடினது. இந்த ரெண்டும் ஒரே பேரத்தின் இரண்டு பக்கம் எண்டதைப் பிறகு வரலாறு எழுதினவை பதிஞ்சிருக்கினம். திம்புவில் எங்கட இயக்கங்களும் இலங்கை அரசும் பேச்சுவார்த்தைக்கு இருந்ததும் அதே யூலைதான். தமிழர் பற்றி ஒரே மாதத்தில் இரண்டு பேச்சு நடந்திருக்கு. ஒண்டு குழம்பினது. மற்றது வெற்றி.

இன்னுமொரு திகதியைப் பக்கத்தில் வைச்சுப் பார்க்கவேணும். 1985 யூன் 14ஆம் திகதி, லக்சம்பேர்க்கின் ஷெங்கன் எண்ட சின்ன ஊரில் ஐந்து நாடுகள் தங்களுக்கு இடையில் எல்லைச் சோதனையைக் கைவிடுறதாகக் கையெழுத்துப் போட்டவை. மேற்கு ஜேர்மனியும் அதில் ஒண்டு. உள்ளுக்குள்ள கதவுகளைக் கழட்டுறதுக்கு ஒப்புக்கொண்டு ஒரு மாதத்தில் வெளிக்கதவு எங்களுக்குச் சாத்துப்பட்டது.

மற்ற நாட்டவர் அதுக்குப் பிறகும் கொஞ்சக் காலம் அந்தக் கதவால வந்தவை. 1986இல் மொத்தத் தொகை 99,650 ஆகக் கூடினது. இலங்கையரோ நாலாயிரம் அளவுக்குக் குறைஞ்சு போச்சினம். அந்த வருசம் ஒக்டோபர் 1ஆம் திகதியில் இருந்து, போற நாட்டின் விசா இல்லாத எல்லாருக்கும் கிழக்கு ஜேர்மனி வழியை மூடினது. எங்களில் வைச்சுப் பார்த்த மருந்தைப் பிறகு எல்லாருக்கும் குடுத்தமாதிரி.

உள்ளுக்குப் போனவையின் பாடும் சுகமில்லை. பெர்லினில் இருந்து வேற மாநிலங்களுக்குப் பிரிச்சு அனுப்பினவை. காம்பில் நாலைஞ்சு பேருக்கு ஒரு அறை. அனுமதியில்லாமல் அடுத்த மாவட்டத்துக்குப் போகக்கூடாது. வேலை செய்யத் தடை. 1987இல் அந்தத் தடையை ஐந்து வருசமாக்கினவை. காணி ஈடு வைச்சு வந்தவனுக்கு ‘சாப்பிடு, படு, வேலைக்குப் போகாதே’ எண்டால் அது தண்டனைதான். பொறுக்க ஏலாமல் பிரான்சுக்கும் சுவிசுக்கும் மாறினவை பலர். 1986 ஓகஸ்டில் கனடாவின் நியூபவுண்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர் மிதந்துகொண்டு இருந்ததை ஒரு மீன்பிடிப் படகு கண்டு காப்பாற்றினது. முதலில் இந்தியாவில் இருந்து வாறம் எண்டு சொன்னவை. உண்மையில் வந்தது மேற்கு ஜேர்மனியில் இருந்து. அத்திலாந்திக்கின் நடுவில் படகில் இறங்கத் துணியிற அளவுக்கு அந்தக் காம்ப் வாழ்க்கை இருந்திருக்கு. அவையில் பலர் பெர்லின் கதவால ஐரோப்பாவுக்குள்ள வந்தவையாக இருந்திருக்கலாம்.

தங்கினவை ஊன்றிக்கொண்டவை. ஹம் நகரத்தில் 1989இல் ஒரு நிலக்கீழ் அறையில் தொடங்கின காமாட்சி அம்பாள் வழிபாடு 2002 யூலையில் கோபுரத்தோட குடமுழுக்கு கண்டது. இண்டைக்குத் தேர்த்திருவிழாவுக்கு ஐரோப்பா முழுக்க இருந்து சனம் வரும். இங்கால, யுத்தகாலம் முழுக்க எத்தனை வீட்டு உலை அந்த உண்டியல் காசில் கொதிச்சது எண்டு எழுதத் தேவையில்லை.

கதவு சாத்தின பிறகு பயணம் நிற்கேல்லை, நீண்டது. பத்து நிமிச ரயில் மாதக்கணக்கான பாதையாக மாறினது. 1993இல் ஜேர்மனி அந்த 16ஆம் உறுப்புரையைத் திருத்தி, பாதுகாப்பான நாடொன்றுக்கூடாக வந்தவர் தஞ்சம் கேட்க ஏலாது எண்டு ஆக்கினது. ஜேர்மனியைச் சுற்றியிருக்கிற நாடெல்லாம் பாதுகாப்பான நாடு. 1995 யூலையில் ஹங்கேரியில் ஒரு லொறிக்குள் 18 தமிழர் மூச்சுமுட்டிச் செத்துக் கிடந்தவை. 1996 நத்தார் இரவில் சிசிலிக்குத் தெற்கே மூழ்கின படகோட போன 280க்கு மேற்பட்டவையில் இந்தியர், பாகிஸ்தானியரோட எங்கட ஆட்களும் இருந்தவை. பிறகு டப்ளின் ஒப்பந்தம், கைரேகைக் கணனி. முதல் இறங்கின நாட்டில் விரல் பதிஞ்சால் வேற நாட்டில் கேஸ் எடுக்கமாட்டினம். எண்பத்துநாலில் போன மாமாவுக்கு விரல் ஒரு பிரச்சினையே இல்லை.

இதைத்தான் நான் சொல்ல வந்தது. ‘களவாப் போனவை’ எண்டு ஒரே சொல்லில் எல்லாரையும் கட்டிப்போட்டால், ஒவ்வொரு காலத்திலும் கதவை ஆர் திறந்தது, ஆர் சாத்தினது, என்ன விலைக்குச் சாத்தினது எண்ட கேள்வி மறைஞ்சு போகுது. குற்றம் முழுக்கப் போனவன் தலையில் விழுது. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு போகப் பார்க்கிற எங்கட வயதுப் பெடியளைப் பற்றிக் கதைக்கேக்கை, ‘அந்தக் காலத்தில் எங்கட ஆட்கள் கெட்டித்தனமாப் போனவை, இவங்கள் போய் மாட்டுப்படுறாங்கள்’ எண்டு பெரியாக்கள் சொல்லுறதைக் கேட்டிருப்பீங்கள். கெட்டித்தனத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. அண்டைக்கு ஒரு கதவு இருந்தது.

கடைசியாக இரண்டு திகதி. 1990 யூன் 13ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் இருந்து கடைசி ரயில் வெளிக்கிட்டது. அதுக்குப் பிறகு தண்டவாளம் பங்கருக்குப் போனது. மூண்டு கிழமைக்குள்ள, 1990 யூலை 2ஆம் திகதி, பிரீட்ரிக் ஸ்ட்ராசவில் மறைப்பு அகற்றி, கிழக்கில் இருந்து மேற்குக்கு நகர ரயில் இடையில் ஆளிறக்காமல் நேரே ஓடத் தொடங்கினது. எங்களுக்கு ரயில் திரும்ப 2014 ஒக்டோபர் 13 வரை பொறுக்கவேண்டி இருந்தது. இடைப்பட்ட 24 வருசத்தில், இங்கே ஸ்ரேசனில் வழியனுப்பின அம்மாமாரில் கனபேர் இல்லாமல் போச்சினம்.

அந்த ரயிலில் போனவையில் பலருக்கு இப்ப அறுபது தாண்டிவிட்டுது. ஓகஸ்டில் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து நிற்கேக்கை கேளுங்கோ: எந்த மேடையில் நிண்டனீங்கள், சட்டைப்பையில் எவ்வளவு காசு இருந்தது, பக்கத்தில் ஆர் இருந்தது. வீட்டு லாச்சிக்குள் கிழக்கு ஜேர்மனி முத்திரை குத்தின பழைய கடவுச்சீட்டு கிடந்தால் எறியவேண்டாம் எண்டு சொல்லுங்கோ. அதில இருக்கிற முத்திரையைப் பாருங்கோ: ஒரு அரசு தன் கையால குத்திக் குடுத்தது.